அக்கரைச் சீமையில் ஹாக்கி ரசிகர்கள்: இராமநாதபுரக் கரையோரத்தாரும் 1975 உலகக் கோப்பையும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோர ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கும், பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்கள் ஏராளம். இவர்களில் பலருக்கு ஹாக்கி எனப்படும் வளைகோல் பந்தாட்டம் சொந்த ஊரில் பழகிய விளையாட்டு அன்று. கடல் கடந்த பிறகே அதை முதன்முதலாகப் பார்த்தார்கள். பார்த்த பிறகு இந்திய அணியைத் தம்முடைய அணியாக நினைக்கத் தொடங்கினார்கள். ஆனால் அந்த இந்திய அணி, அவர்கள் உழைத்துச் சாப்பிடும் நாட்டின் அணியோடு மோதினால் யார் பக்கம் நிற்பது? 1975 மார்ச் மாதம் கோலாலம்பூரில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது. விளையாட்டு வரலாற்று நூல்கள் கோல் கணக்கோடு நின்றுவிடுவதால், கேள்வியின் மறுபக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

கரையும் கப்பலும்

இங்கே இராமநாதபுரம் என்பது பழைய பெரிய மாவட்டத்தைக் குறிக்கும். 1985இல் பிரிக்கப்படும் வரை சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளும் இதற்குள்ளேயே இருந்தன. மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை. கண்மாய் நிரம்பாத ஆண்டில் ஊரே வெளியேறும். கடற்கரையில் கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், பனைக்குளம் போன்ற ஊர்களில் கடல் வாணிபம் பல தலைமுறைப் பழக்கம். இவ்வூர் முஸ்லிம்கள் வெளிநாட்டுப் பயணத்தைச் 'சபர்' என்பார்கள். ஆண்கள் சபர் போவதும், பெண்கள் கடிதத்துக்குக் காத்திருப்பதும் இங்கு வீட்டுக்கு வீடு நடந்த கதை.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் சென்னையிலிருந்து கொழும்புக்கு நேர் வழி ஏற்பட்டது. போட் மெயில் என்று மக்கள் அழைத்த ரயில் மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடிக்கு வரும். அங்கே பயணிகள் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் ரயில் பிடித்துக் கொழும்பு சேர்வார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய்ச் சோதனை முடித்த பிறகே அனுப்பினார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது.

மலாயாவுக்குப் போகிறவர்கள் நாகப்பட்டினம் அல்லது சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். 'ரஜுலா' என்ற கப்பலின் பெயரை இம்மாவட்டத்து முதியவர்கள் இன்றும் ஓர் உறவினரின் பெயரைச் சொல்வது போலச் சொல்வார்கள். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் தமிழர்களைப் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏற்றி இறக்கியது. அதற்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' அந்த வேலையைச் செய்தது.

திடலில் பார்த்த ஆட்டம்

கடற்கரை மணலில் ஹாக்கி ஆட முடியாது. பந்து உருளாது, மட்டை புதையும். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு கால்பந்து இருந்தால் போதும், 30 பையன்கள் ஆடிவிடுவோம். ஹாக்கிக்கு ஆளுக்கொரு மட்டை வேண்டும். மாவட்டத்துக்குத் தெற்கே கோவில்பட்டியின் கரிசல் மண்ணில் மட்டும் இந்த ஆட்டம் ஆழமாக வேரூன்றியது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடப்பதும் அங்கேதான்.

மலாயாவில் நிலைமை வேறு. ஆங்கிலேயர் உருவாக்கிய நகரங்கள் பலவற்றின் நடுவிலும் ஒரு புல்வெளி இருக்கும். மலாய் மொழியில் பாடாங் எனப்படும் அதைத் தமிழர்கள் திடல் என்றார்கள். காவல்துறை, ரயில்வே, மன்றங்கள் ஆகியவற்றின் அணிகள் மாலையில் அங்கே ஆடின. வேலி ஓரமாக நின்று பார்க்கக் கட்டணம் கிடையாது. கடைச் சிப்பந்திக்கும் துறைமுகக் கூலிக்கும் அது மலிவான பொழுதுபோக்கு. அந்த அணிகளில் சீக்கியர்களும் தமிழர்களும் நிறையவே ஆடினார்கள்.

இந்தியாவின் பெயரை அன்று உலகம் வியப்போடு உச்சரித்த துறைகளில் ஹாக்கியும் ஒன்று. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் தங்கம். 1932இல் லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்காவுக்கு எதிராக 24-1. அந்த 1932 அணி அமெரிக்காவுக்குக் கப்பலேறும் முன் கொழும்பில் இரு பயிற்சி ஆட்டங்கள் ஆடி, இலங்கை அணியை 20-0, 10-0 என வென்றது. அப்போது கொழும்புப் புறக்கோட்டையில் இராமநாதபுரக் கரையோரத்தாரின் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருந்தன. இலங்கையில் இன்று ஹாக்கிக்குப் பெயர்பெற்ற நகரம் மாத்தளை. 19ஆம் நூற்றாண்டில் தலைமன்னார்ப் பக்கம் கரையிறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் காட்டுவழியே கால்நடையாக வந்து மலைநாட்டுக்குள் நுழைந்த ஊரும் அதுவே. இரண்டும் தற்செயல்தான். ஆனால் அந்த நடைபாதையில் இறந்தவர்களை எண்ணாமல் மாத்தளையின் பெயரை எழுத எனக்கு மனம் வருவதில்லை.

1936 ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் தியான் சந்த் தலைமையிலான அணி ஜெர்மனியை 8-1 என வென்றது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் வீரர்கள் காங்கிரஸ் மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களமிறங்கினார்கள். நாட்டுக்கு அப்போது சொந்தக் கொடி இல்லை, அணிக்கு இருந்தது. 1948 ஆகஸ்ட் 12இல் சுதந்திர இந்தியா லண்டனில் பிரிட்டனையே 4-0 என வென்றதைக் கேட்ட மலாயாத் தமிழர், அப்போதும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ்தான் இருந்தார். அவர் முதலாளியும் வெள்ளைக்காரர், மாவட்ட அதிகாரியும் வெள்ளைக்காரர். அந்த வெற்றி அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

1956இல் மலாயாவும் சிங்கப்பூரும் முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கியில் கலந்துகொண்டன. மெல்போர்னில் இந்தியா சிங்கப்பூரை 6-0 என வென்றது. ஒரு பக்கம் வாழும் ஊர், மறுபக்கம் பிறந்த நாடு என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. ஆனாலும் 6-0 என்ற கணக்கில் மனப்போராட்டத்துக்கு அதிக இடமில்லை.

சிவப்பு அட்டையும் நீல அட்டையும்

மனப்போராட்டத்தைக் கூர்மையாக்கியது விளையாட்டன்று, சட்டம். 1957 ஆகஸ்ட் 31 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் மலாயாவின் சுதந்திரம் அறிவிக்கப்பட்டது. குடியுரிமை பெற்றவருக்கு நீல அடையாள அட்டை. பெறாதவருக்குச் சிவப்பு அட்டை. எழுதப் படிக்கத் தெரியாததாலும், என்றோ ஒருநாள் ஊர் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தாலும் விண்ணப்பிக்காமல் விட்ட தமிழர்கள் பலர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த இராமநாதபுரத்தாரிடம் இந்த எண்ணம் மிகுதி.

1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பின் நிலைமை கடுமையானது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற விதி தீவிரமாக அமலுக்கு வந்தது. சீட்டுக் கிடைக்காமல் பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறினார்கள். 30, 40 ஆண்டுகள் ரப்பர் மரம் சீவியவர்கள் ஒரு தகரப் பெட்டியோடு நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார்கள். பலருக்கு இறங்கிய கரை அந்நியமாகிவிட்டிருந்தது.

எஞ்சியவர்களின் வீடுகளில் ஒரு விசித்திரம் இருந்தது. தந்தையின் கையில் சிவப்பு அட்டை. 1957க்குப் பின் அங்கேயே பிறந்த பிள்ளையின் கையில் நீல அட்டை. ஒரே கூரையின் கீழ் இரண்டு நாடுகள். உலகக் கோப்பை ஹாக்கி வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட வீடுகளுக்குள்தான்.

கோலாலம்பூர், மார்ச் 1975

மூன்றாவது உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி 1975 மார்ச் 1 முதல் 15 வரை கோலாலம்பூரில் நடந்தது. முக்கிய ஆட்டங்களின் களம் அதே மெர்டேக்கா அரங்கம். இந்திய அணிக்கு அஜித்பால் சிங் தலைவர். மேலாளர் பல்பீர் சிங். முன்வரிசையில் தமிழ்நாட்டின் வி.ஜே. பிலிப்ஸ் ஆடினார். மலேசிய அணியின் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். அவ்வணியில் மகேந்திரன், பத்மராஜா ஆகியோரும் இருந்தார்கள். இந்தப் பெயர்களை ஒருமுறை சேர்த்துப் படித்துப் பார்க்க வேண்டும். இந்திய அணியில் தேடினால் கிடைப்பதைவிட அதிகமான தமிழ்ப் பெயர்கள் எதிரணியில் இருந்தன. இன உணர்வால் இந்தியாவை ஆதரித்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாததற்கு இதுவே காரணம். இனம் இரு பக்கமும் இருந்தது.

குழு ஆட்டத்தில் நெதர்லாந்தை வென்ற மலேசியா, யாரும் எதிர்பாராத வகையில் அரையிறுதிக்கு வந்தது. அங்கே எதிரே நின்றது இந்தியா. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது மலேசியா 2-1 என முன்னிலையில் இருந்தது. இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. தற்காப்பு வீரர் மைக்கேல் கிண்டோவுக்குப் பதிலாக, அதுவரை பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்த இளைஞர் அஸ்லம் ஷேர்கான் களத்துக்கு அனுப்பப்பட்டார். அவருடைய தந்தை அகமது ஷேர்கான் 1936 பெர்லின் அணியில் ஆடியவர். அஸ்லம் கழுத்தில் இருந்த தாயத்தை எடுத்து முத்தமிட்டுவிட்டுப் பந்தை அடித்தார். கோல். 2-2. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மூன்றாவது கோலைப் போட, இந்தியா இறுதிக்குச் சென்றது.

மலேசிய ஹாக்கி வரலாற்றில் இந்தத் தோல்வி ஆறாத புண். அவ்வணி நான்காம் இடத்தில் முடித்தது. உலகக் கோப்பையில் அதைவிட உயர்ந்த இடத்தை மலேசிய ஆடவர் அணி பிறகு எட்டவில்லை.

எங்கள் தெருவில் பினாங்குக்காரர் என்று அழைக்கப்பட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். பினாங்கில் சாப்பாட்டுக் கடையில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்த அரையிறுதியைக் கடை வானொலியில் கேட்டதாகச் சொல்வார். கடை நிறைய மலாய்க்காரர்களும் சீனர்களும். அஸ்லம் கோல் போட்டதும் கடையில் பேச்சுமூச்சில்லை. அவருக்கு உள்ளுக்குள் துள்ளியது; ஆனால் வாடிக்கையாளர் முகங்களைப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்குப் போனால், அங்கே பிறந்து வளர்ந்த மகன் மலேசியா தோற்ற வருத்தத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டான். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. தான் சந்தோஷப்பட்டதை மகனிடம் கடைசி வரை சொல்லவில்லை என்பார். இதை அவர் எனக்குச் சொன்னபோது 70 வயதைத் தாண்டியிருந்தார். மகன் அங்கேயே இருந்துவிட்டார்.

மார்ச் 15 இறுதி ஆட்டத்தில் எதிரணி பாகிஸ்தான். இதில் மலேசியத் தமிழ் வீடுகளில் தந்தைக்கும் மகனுக்கும் பிணக்கு வரக் காரணமில்லை. பாகிஸ்தான் முதல் கோலைப் போட்டது. இரண்டாம் பாதியில் சுர்ஜித் சிங் சமன் செய்தார். பின்னர் தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தின் மூலையில் பட்டுத் திரும்பியது. கோல் இல்லை என்று பாகிஸ்தான் வீரர்கள் வாதாடினார்கள். நடுவர் கோல் என்றார். 2-1. ஆடவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது அந்த ஒரே முறைதான்.

ஊரில் இருந்தவர்களும் அக்கரையில் இருந்தவர்களும்

அயலகத்தில் இருப்பவர் தாய்நாட்டு அணியைத் தூரத்திலிருந்து ஏக்கத்தோடு பார்க்கிறார் என்பதே வழக்கமான எண்ணம். 1975இல் நடந்தது நேர்மாறு. கோலாலம்பூர்த் தமிழர் நினைத்தால் சீட்டு வாங்கி அரங்கத்துக்குள் போயிருக்கலாம். மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறந்ததோ 1975 ஆகஸ்ட் 15 அன்று. உலகக் கோப்பை முடிந்து ஐந்து மாதம் கழித்து. இராமநாதபுரத்துக்கு அது வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

நாங்கள் கேட்டது வானொலி. எனக்கு அப்போது பள்ளி வயது. ஊராட்சி வானொலிக் கொட்டகையில் நாலைந்து பேர் கூடியிருந்தோம். ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனை. இந்தி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. குரல் ஏறினால் பந்து எதிரணி வட்டத்துக்கு அருகே போகிறது, தணிந்தால் நம் பக்கம் வருகிறது என்று நாங்களே ஒரு கணக்கு வைத்திருந்தோம். கணக்கு பாதி நேரம் தவறு. அசோக் குமார், கோவிந்தா, பிலிப்ஸ் என்று பெயர்கள் மட்டும் புரியும். ஆட்டம் எப்படி நடந்தது என்பதை முழுமையாகத் தெரிந்துகொண்டது, மலாயாவிலிருந்து வந்த நீல நிற வான்கடிதங்களைப் படித்தவர்கள் சொல்லித்தான். நாட்டின் அணி பற்றிய செய்தி நாட்டுக்கு வெளியிலிருந்து ஊருக்கு வந்தது.

கரையோரத்தாருக்கு இது பின்னரும் தொடர்ந்தது. 1982இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியபோது, இராமேசுவரம் பக்கத்தில் உயரமான மூங்கிலில் ஆண்டெனா கட்டி அதைப் பார்த்தார்கள். டெல்லியின் படத்தைவிடக் கொழும்பின் படம் தெளிவாக விழுந்த காலம் அது. இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது அதற்குப் பிறகுதான்.

கோப்பைக்குப் பின்

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. உலகக் கோப்பையை வென்ற மறு ஆண்டிலேயே இந்தியா ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. 1980 மாஸ்கோவில் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இறுதியில் ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் பெற்றது. அதன் பிறகு அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2021 ஆகஸ்ட் வரை, 41 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இடைக்காலத்தில் தமிழ்நாட்டுப் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் வகுப்பு மாணவர்களும் அப்படித்தான்.

மலேசியாவில் மட்டும் இந்திய அணியை நேரில் பார்க்கும் வாய்ப்புத் தொடர்ந்தது. 1983இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கோப்பைப் போட்டி ஈப்போ நகரோடு ஒன்றிப்போனது. இந்தியா 1985, 1991, 1995, 2009 ஆண்டுகளில் அதை வென்றது. 2010இல் தென்கொரியாவுடன் பகிர்ந்துகொண்டது. ஈப்போவைச் சுற்றிலும் தமிழர் வாழும் பழைய தோட்டப்புறங்கள் உண்டு. தாத்தா ஓர் அணிக்கும் பேரன் ஓர் அணிக்கும் கைதட்டுவது அங்கே புதிய காட்சியன்று. காலப்போக்கில் தாத்தாக்களின் எண்ணிக்கை குறைந்தது.

சபர் போகும் திசையும் மாறியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து கீழக்கரையாரும் பரமக்குடிப் பக்கத்தாரும் வளைகுடாவுக்குப் போனார்கள். அங்கே குடியுரிமை என்ற பேச்சே இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் திரும்ப வேண்டியதுதான். ஆகவே மலாயாக்காரருக்கு வந்த தடுமாற்றம் இவர்களுக்கு வரவில்லை. 2018 அக்டோபரில் மஸ்கட்டில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. இறுதி ஆட்டம் மழையால் நடக்காமல் போக, இந்தியாவும் பாகிஸ்தானும் கூட்டாக வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டன. பாலைவன நாட்டில் மழையால் ஆட்டம் நின்றது என்பதை இராமநாதபுரத்துக்காரனிடம் சொன்னால் சிரிப்பான்.

சென்னை, ஆகஸ்ட் 2023

2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் தமிழ்நாட்டுக்காரர் இருவர் இடம்பெற்றனர்: கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரின் கார்த்தி செல்வம். பாகிஸ்தானுடனான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். தமிழ் வீரர்களைத் தேசிய அணியில் காணாமல் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு அது பெரிய செய்தி.

அடுத்த ஆண்டு ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை சென்னைக்கு வந்தது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில், ஆகஸ்ட் 12 அன்று, இறுதி ஆட்டத்தில் மோதியவை இந்தியாவும் மலேசியாவும். லீக் சுற்றில் இந்தியா மலேசியாவை 5-0 என வென்றிருந்தது. அதில் முதல் கோல் கார்த்தியுடையது. இறுதியிலோ பாதி ஆட்டம் முடிந்தபோது மலேசியா 3-1 என முன்னிலை. மூன்றாம் கால்பகுதியின் கடைசி நிமிடத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல்கள் போட்டு இந்தியா சமன் செய்தது. 56ஆம் நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் வெற்றி கோல் போட, 4-3.

48 ஆண்டுகளுக்கு முன்பு போலவே, மலேசியா முன்னிலையில் இருந்து, கடைசியில் இந்தியா வென்றது. இம்முறை ஆட்டம் நடந்தது இந்தியக் கரையில். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் திரையில் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ப் பேரப்பிள்ளைகளுக்கு, தோற்றது தம் நாட்டு அணி, அவ்வளவுதான். அவர்கள் கையில் இருப்பது நீல அட்டை. அந்த ஆட்டம் முடிந்ததும் பினாங்குக்காரரின் மகனை நினைத்துக்கொண்டேன். அவருக்கு இப்போது 60 வயதைத் தாண்டியிருக்கும். அன்றிரவு சாப்பிட்டாரா என்று தெரியவில்லை.